ஒன்பது அங்குலச் சிவப்பு நூல்

காஞ்சிபுரத்தில் விமான நிலையம் இல்லை. முதிர் சிறுவிமான மின்கம்பி வாரியம் தன் மண்டல அலுவலகத்தை அங்கே திறந்ததற்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை. மேலிடத்துக் கூட்டம் ஒன்றில், மின்கம்பி என்றால் என்ன என்று ஒரு பெரியவர் கேட்டாராம். நூல் மாதிரிதான் ஐயா, உள்ளே செம்பு இருக்கும் என்றாராம் பக்கத்தில் இருந்தவர். நூல் என்றால் காஞ்சிபுரம்தானே என்றாராம் பெரியவர். அந்த வருஷமே ஓரிக்கை போகும் வழியில் நாலு மாடிக் கட்டடம் எழுந்தது. வாரியத்தின் மூன்று குட்டி ஜெட் விமானங்கள், பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் போர்க்காலத்தில் போட்டுவிட்டுப் போன ஓடுதளத்தில் ஒரு கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர் உட்காரலாம். மூன்றுக்கும் வயது முப்பத்து நாலு. ஆனால் பழைய விமானம் என்று வாரியத்தில் யாரும் சொல்லக் கூடாது. அனுபவமுள்ள விமானம் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குச் சுற்றறிக்கை இருக்கிறது.

கலைவாணிக்கு அங்கே வேலை கிடைத்ததும் நூலால்தான். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு, நாலு வருஷம் பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாகப் போய்ப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். தறியில் தீரப்போகும் பாவின் ஒவ்வொரு இழை முனையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கி இணைக்கிற வேலை. ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. நேர்முகத் தேர்வில் மண்டல இயக்குநர் பரசுராமன் அவளை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு இழை நைஞ்சிருந்தா எப்படிம்மா கண்டுபிடிப்பே?"

"கண்ணுல தெரியாது சார். விரல்ல தெரியும்."

பரசுராமனின் கண் கலங்கியது. அந்த வாக்கியத்தை அவர் அடுத்த மூன்று வருஷம் எல்லா மேடைகளிலும் சொன்னார். வேலையில் சேர்ந்த அன்று கலைவாணிக்குத் தரப்பட்ட முதல் விதி, கம்பியை விரலால் தொடக் கூடாது என்பது.

அதில் நியாயம் உண்டு என்று அவளுக்கு விளக்கியவர் ஜெபகுமார். செவிலிமேட்டுக்காரர். இருபத்தெட்டு வருஷமாக விமானக் கம்பிகளோடு கிடப்பவர்.

"பழைய கம்பி மேல இருக்குற உறை அப்பளம் மாதிரிம்மா. சும்மா கெடந்தா கெடக்கும். வளைச்சேன்னு வெச்சுக்கோ, விரிசல் உட்டுடும். அதனால டார்ச்சு அடிச்சுப் பாக்கணும், கண்ணாடி வெச்சுப் பாக்கணும், மோந்துகூடப் பாக்கலாம். கைய மட்டும் வெக்காத."

நியாயம் அதோடு நின்றிருக்கலாம். வாரியம் நிற்கவில்லை. அவள் சேர்ந்த இரண்டாம் வருஷம், கம்பியை மூடியிருக்கும் பலகையைத் திறந்தாலும் கம்பி அதிர்கிறது என்று கண்டார்கள். எனவே உள்ளே குறை இருப்பது உறுதியானால் மட்டுமே பலகையைத் திறக்கலாம் என்று விதி வந்தது. குறையை உறுதி செய்வதற்கான படிவத்தை, பலகையைத் திறந்து பார்த்துவிட்டு நிரப்ப வேண்டும். மூன்றாம் வருஷம் இந்தச் சிக்கலுக்கு வாரியமே தீர்வு கண்டது. அதன் பெயர் மூடிய நிலைப் பார்வை ஆய்வு. மூடிய பலகைக்கு எதிரே நின்று மூன்று நிமிஷம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த மூன்று நிமிஷத்தில் கலைவாணி நொடிகளை எண்ணுவாள். ஜெபகுமார் கண்ணை மூடிக்கொள்வார்.

"இன்னா அண்ணா, தூங்கினுகீறீங்களா?"

"ஜெபம் பண்றேன்மா. ஜெபம் பண்றதுக்குச் சம்பளம் குடுக்குற ஒரே ஆபீசு இதான்."

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, இரண்டாம் விமானத்தில் ஒரு விளக்கு கண் சிமிட்டியது. பயணிகள் பத்திரிகை படிக்கிற விளக்கு. விளக்கு கம்பியில் சேராது, பயணியர் வசதியில் சேரும். அதற்காகத் தரைப்பலகையைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். இப்படி ஒரு வழி இருப்பதை வாரியம் அதுவரை கவனிக்கவில்லை. இருவரும் நாலாம் தரைப்பலகையைக் கழற்றினார்கள்.

உள்ளே மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கம்பிக் கட்டு ஓடியது. அதைப் பிடித்திருந்த இரும்புப் பட்டைக்குள் இருந்த ரப்பர் எப்போதோ பொடிந்து உதிர்ந்துவிட்டது. பட்டையின் விளிம்பு, கட்டில் இருந்ததிலேயே தடித்த கம்பியை அரம் மாதிரி அறுத்துக்கொண்டிருந்தது. உறை தேய்ந்து, ஒரு அரிசி அளவுக்குச் செம்பு பளபளத்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி எரிபொருள் குழாய்.

ஜெபகுமார் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"இது தாய்க்கம்பிம்மா. பேட்டரிலேர்ந்து மொத்த கரண்டும் இது வழியாத்தான் முன்னாடி போவுது. இது அறுந்துச்சின்னா வண்டி எழுந்துக்கவே எழுந்துக்காது. அறுந்தா நல்லதுதான். அறுவாம தேயுது பார், அதான் எமன்."

"ஒரு உறை போட்டுச் சுத்திடலாம்ல அண்ணா?"

"வேலைச் சீட்டு இல்லாம இது மேல ஈ உக்காந்தாக்கூட நான் ஓட்டக் கூடாது. இருவத்தி ரெண்டாம் தேதி இதுக்குச் சோதனைப் பறப்பு. பின்சீட்ல மீட்டர் பாக்க நான்தான் போறேன். நீ எழுதிக் குடு. அதுக்குள்ள சீட்டு வந்துடும்."

தறி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பாவில் ஒரு இழை நைந்திருப்பதைப் பார்த்தவர் அதைச் சரிசெய்ய நேரமில்லாமல் எழுந்துபோக நேர்ந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டுப் போவார். அடுத்துத் தறியில் உட்காருபவர் யாரானாலும் அதைப் பார்த்துவிட்டு, நைந்த இழையை அறுத்து முடிச்சுப் போட்ட பிறகுதான் நெய்கிற நாடாவைத் தொடுவார். ஏன் கட்டினாய் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கலைவாணியின் பையில் சிவப்புப் பட்டு நூல் எப்போதும் கொஞ்சம் கிடக்கும். கம்பியைத் தொடாமல், பக்கத்துப் பட்டையில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டாள். பலகையை மூடினார்கள்.

பதிவேட்டுக் கண்காணிப்பாளர் கமலாட்சி நல்ல மாதிரி. வருகிறவர்களுக்கு மோர் கொடுப்பார். ஆய்வுப் படிவத்தைக் கணினியில் திறந்து அவரே காட்டினார். கண்டறியப்பட்ட குறை என்பதற்கு எதிரே மூன்று விடைகள் இருந்தன: இல்லை; இல்லை (படம் இணைப்பு); இல்லை (மறு உறுதி).

"இருக்குதுன்னு போட எங்க மேடம் இடம்?"

"வெக்கலம்மா. எட்டு வருஷமா யாரும் கேக்கல." அவர் யோசித்தார். "கீழ குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குது பாரு. அதுல எழுது. சுருக்கமா எழுதணும்."

கலைவாணி எழுதினாள்: நாலாம் தரைப்பலகை. கம்பி தேய்ந்து செம்பு தெரிகிறது. சிவப்பு நூல் கட்டியுள்ளேன்.

கமலாட்சி இரண்டு முறை படித்தார். கம்பி தேய்வது என்ற செய்திக்கு அனுப்பப் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் விமானத்துக்குள் நூல் என்பது அந்நியப் பொருள். அந்நியப் பொருளுக்குத் தனிப் பதிவேடு இருந்தது, குழு இருந்தது, எட்டு வருஷமாக மை படாத ரப்பர் முத்திரை இருந்தது. கமலாட்சியின் முகம் மலர்ந்தது. காகிதம் அன்று மாலையே மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. வாரியத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக எதுவும் மாடி ஏறியதில்லை.

விசாரணைக் குழு பதினாலாம் தேதி கூடியது. மேசைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர். இந்தப் பக்கம் கலைவாணி.

நூல் எத்தனை அங்குலம் என்று கேட்டார்கள். ஒன்பது. எத்தனை இழை? மூன்று. சாயம் எங்கே போட்டது? அது பட்டா, பட்டு மாதிரியா? முடிச்சு போட்டது வலது கையாலா? ஒவ்வொன்றையும் ஒருவர் எழுதிக்கொண்டார். இன்னொருவர் அவர் எழுதுவதைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

"சார், அந்தக் கம்பி" என்றாள் கலைவாணி.

"எந்தக் கம்பி?"

"நூலு கட்டினதே அதுக்குத்தான் சார். அதுல செம்பு தெரியுது. இருவத்தி ரெண்டாம் தேதி ஜெபகுமார் அண்ணன் அதுல போறாரு."

பரசுராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மேடையில் பேசுவதற்கு முன் அப்படித்தான் செய்வார்.

"நான் மனசு விட்டுப் பேசறேன்மா. இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு குறைகூடப் பதிவாகலை. உலகத்துல எந்த நாட்டுலயும் இப்படிக் கிடையாது. வெளிநாட்டுக்காரங்க வந்து, எப்படி சார் உங்களால முடியுதுன்னு கேக்கறாங்க. கம்பியைப் பார்த்துக்கிட்டிருந்தா முடிஞ்சிருக்குமா? முடியாது. நாங்க படிவத்தைப் பார்த்தோம். கம்பி எங்கேயும் போயிடாது, அங்கேயேதான் இருக்கும். நூல் அப்படியில்லை. இன்னிக்கு ஒரு நூலை விட்டா நாளைக்கு ஆளாளுக்குக் கட்டுவாங்க."

ஆறு பேர் தலையசைத்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. இருபதாம் தேதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஜெபகுமார் பலகையைத் திறந்து நூலை அகற்ற வேண்டும். அகற்றும் பணியாளர் நூலைத் தவிர வேறெதையும் பார்வையிடலாகாது.

சாட்சிகளில் ஒருத்தி கலைவாணி. இன்னொருவர் கமலாட்சி. ஜெபகுமார் குப்புறப் படுத்து டார்ச்சை உள்ளே அடித்தார். கொட்டகையிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்த்த அதிர்வில் அரிசி இப்போது நெல்லாகியிருந்தது. அவருடைய கை பாக்கெட் பக்கம் போனது. அதில் உறைச் சுருள் இருக்கும் என்று கலைவாணிக்குத் தெரியும்.

"ஜெபகுமார், நூலை மட்டும்பா" என்றார் கமலாட்சி. குரலில் கண்டிப்பு இல்லை; வேண்டுகோள்தான் இருந்தது. "நானும் கையெழுத்துப் போடணும்ல."

கை திரும்பி வந்தது. முடிச்சை அவிழ்த்து, நூலைக் கவரில் போட்டார். கவரில் முத்திரை விழுந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் கலைவாணி சொன்னாள், "அண்ணா, நீங்க போவாதீங்க. ஒடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க."

"இருவத்தெட்டு வருஷத்துல ஒடம்பு சரியில்லைன்னு ஒரு நாள் எழுதினதில்ல."

"வெளையாடாதீங்க அண்ணா."

"வெளையாடலம்மா. பைலட்டாண்ட சொல்லிக்கிறேன். பத்து நிமிஷத்துல எறக்கிடுவாரு." அவர் சைக்கிளை எடுத்தார். ஏறி உட்கார்ந்துவிட்டுத் திரும்பி, "மூணு நிமிஷம் கண்ண மூடினு நில்லு, செரியாப்பூடும்" என்றார்.

இருபத்திரண்டாம் தேதி காலை, எல்லாப் பறப்புக்கும் போலவே பூஜை நடந்தது. முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குருக்கள் விமானத்தின் மூக்கில் குங்குமம் வைத்து, கதவுப் பிடியில் ஒரு மஞ்சள் கயிறு கட்டினார். அது அந்நியப் பொருளா என்று யாரும் கேட்கவில்லை. ஜெபகுமார் ஏறும்போது தேங்காய் உடைந்தது.

விமானம் பதினோரு நிமிஷம் பறந்தது. பிறகு ஒரு கரும்புத் தோட்டத்தில் விழுந்தது. கொட்டகை வாசலில் நின்றிருந்தவர்கள் புகையைத்தான் முதலில் பார்த்தார்கள். பைலட்டும் ஜெபகுமாரும் அடையாளம் தெரியாதபடி எரிந்திருந்தார்கள். விமானமும்தான். அதன் உள்ளே இருந்த பொருட்களில் முழுசாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது அலுவலக அலமாரியில், முத்திரையிட்ட கவரில் இருந்தது.

ஆராய வேறு பொருள் இல்லாததால் விபத்துக் குழு அதை ஆராய்ந்தது. அறிக்கை ஏப்ரலில் வந்தது, நாற்பது பக்கம். நூல் விமானத்தில் பதினோரு நாள் இருந்திருக்கிறது. அந்தப் பதினோரு நாளில் எந்த விபத்தும் இல்லை. நூல் அகற்றப்பட்ட இரண்டாம் நாள் விமானம் விழுந்திருக்கிறது. அந்தப் பதினோரு நாளும் விமானம் கொட்டகையை விட்டு நகரவில்லை என்பது பின்னிணைப்பில் இருந்தது. அறிக்கையோடு பின்னிணைப்பைத் தைக்க மறந்துவிட்டார்கள்.

இரங்கல் கூட்டத்தில் பரசுராமன் பேசினார்.

"நாங்க தப்பே பண்ணலைன்னு நான் சொல்லமாட்டேன். பெரிய தப்பு நடந்திருக்கு. அந்த நூலை எடுத்திருக்கக் கூடாது. எடுத்த கை யாருதுன்னு இந்த நேரத்துல பேர் சொல்ல விரும்பலை, அது மரியாதை இல்லை. அறிக்கையில இருக்கு, பக்கம் பன்னிரண்டு. நம்ம கலைவாணி அன்னிக்கே விரல்ல உணர்ந்து ஒரு நூல் கட்டினா. நாமதான் புரிஞ்சுக்கலை. இனிமே வாரியத்தோட ஒவ்வொரு விமானத்துலயும் நூற்றியெட்டு இடத்துல ஒன்பது அங்குலச் சிவப்புப் பட்டு நூல் கட்டப்படும். சம இடைவெளியில."

கைதட்டினார்கள். பிறகு இரங்கல் கூட்டம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள். கலைவாணி நூல் அலுவலர் ஆனாள்.

அடுத்த வாரம் ஜெபகுமாரின் மனைவி மரியம்மாள், பன்னிரண்டாம் பக்கத்தின் நகலை மடித்து எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் கலைவாணியின் வீட்டுக்கு வந்தாள். காப்பியை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள்.

"அவரு நூலை எடுத்ததாலதான் வுழுந்துச்சின்னு போட்டுகீறாங்க. நீ கட்டின நூலாமே. என்னாத்துக்கும்மா கட்டினே?"

கலைவாணி சொன்னாள். பட்டை, ரப்பர், தாய்க்கம்பி எல்லாம்.

"அவரு பாத்தாரா?"

"பாத்தாருக்கா."

"அப்பால ஏன் ஏறினாரு?"

மரியம்மாளே சொன்னாள், யாரையும் பார்க்காமல். "காலையில கெளம்பறப்போ சொன்னாரு. பட்டியல்ல அவரு பேருக்குக் கீழ உன் பேரு இருக்குதாம். அவரு போவலைன்னா உன்ன ஏத்துவானுங்கன்னாரு."

காப்பி ஆறி ஏடு கட்டியது. மரியம்மாள் தாளை மறுபடி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நூல் கட்டுவதற்காகப் பலகைகள் எல்லாம் திறக்கப்பட்டன. கட்டுபவர் நூலைத் தவிர வேறெதையும் பார்வையிடலாகாது என்ற விதி மட்டும் அப்படியே இருந்தது. மூன்றாம் விமானத்தில், நாலாம் தரைப்பலகைக்கு அடியில் அதே பட்டை. அதே பொடிந்த ரப்பர். அதே அரிசி. அந்த இடத்துக்கு வாரியத்தின் வரைபடம் நாற்பத்தொன்று என்று எண் கொடுத்திருந்தது. அங்கேயும் ஒரு நூல் கட்ட வேண்டும், மற்ற நூற்றேழு இடங்களைப் போலவே. கட்டினால், தேய்ந்த இடமும் தேயாத இடமும் ஒன்றாகிவிடும்.

கலைவாணி படிவத்தைத் தேடினாள். குறிப்பு என்ற கட்டத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். விபத்துக்கு முந்தைய குழப்பம் எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் தொடங்கியது என்று அறிக்கை கண்டுபிடித்திருந்தது.

அவள் நாற்பத்தொன்றை மட்டும் வெறுமையாக விட்டாள். எண்ணும்போது ஒன்று குறையும். எது என்று தேடுவார்கள். தேடினால் எல்லாப் பலகையையும் திறந்தாக வேண்டும். கண்ணிருப்பவர் யாராவது குனிந்தால் போதும்.

எண்ணினார்கள். நூற்றேழு. மறுபடி எண்ணினார்கள். நூற்றேழு. கோப்பு மூன்றாம் மாடிக்குப் போனது. கலைவாணி நாலு நாள் காத்திருந்தாள். ஐந்தாம் நாள் கமலாட்சி மோரோடு ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்தார். அதில் இரண்டு வரி இருந்தது. நூற்றெட்டு என்று உள்ள இடங்களில் நூற்றேழு எனத் திருத்தி வாசிக்கவும். மூன்றாம் விமானத்தின் சோதனைப் பறப்பு வரும் வெள்ளிக்கிழமை. பின்னிருக்கைப் பணியாளர், கலைவாணி.

"உன் பேரு முன்னாடி வந்துடுச்சும்மா" என்றார் கமலாட்சி. "மேல இருந்தவரு இல்லல்ல."

வியாழக்கிழமை கருட சேவை. ஊரே பெருமாள் பின்னால் போயிருந்தது. அலுவலகத்துக்கு விடுமுறை. கலைவாணி டவுன் பஸ்ஸில் பாலாற்றைத் தாண்டி இறங்கி, வெயிலில் ஓடுதளம் வரை நடந்தாள். காவலாளி எழுந்து நின்றான். நூல் அலுவலர் எந்த நேரமும் வரலாம், விதி இருக்கிறது.

பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். நாலாம் பலகையைத் திறந்தாள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கம்பியின் மேல் வைத்து மெல்ல ஓட்டினாள். கண்ணில் தெரிந்ததைவிட நீளமாகத் தேய்ந்திருந்தது. நைந்த இழையோடு தறி ஓடும். துணி முழுக்கக் கெடும் வரை ஓடும். அறுந்த இழையோடுதான் நிற்கும். ஜெபகுமாரின் கருவிப் பெட்டி அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதிலிருந்து பெரிய வெட்டுக்குறடை எடுத்து, தேய்ந்த இடத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். பிறகு வெட்டிய முனைகளில் உறையைச் சுற்றி, பலகையை மூடி, பேட்டரி இணைப்பை மாட்டிவிட்டு, கடைசி பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வந்தாள்.

வெள்ளிக்கிழமை பூஜை வழக்கம்போல் நடந்தது. எலுமிச்சம்பழம், குங்குமம், மஞ்சள் கயிறு, தேங்காய். நூற்றேழு நூல்களுக்கும் சேர்த்துக் குருக்கள் கற்பூரம் காட்டினார். கலைவாணி பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். பைலட் விசையை அழுத்தினார். ஒரு விளக்குகூட எரியவில்லை. மறுபடி அழுத்தினார். வெளியே எல்லாரும் கைகூப்பியபடியே நின்றார்கள். கூப்பிய கைகளை எப்போது இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

பரசுராமன் படியேறி உள்ளே தலையை நீட்டினார். நெற்றியில் குங்குமம் வேர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு? என்ன குறை?"

கலைவாணி மடியில் இருந்த படிவத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினாள்.

"இல்லை சார்" என்றாள். "மூணு எடத்துல இல்லைன்னு இருக்குது. உங்களுக்கு எது வேணுமோ அதுல கையெழுத்துப் போடறேன்."